ஒரு தூண் போனால் கட்டடம் நிற்குமா? வெடிப்பும் சட்டகக் கட்டடமும்

கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "நிலநடுக்கத்துக்காக வடிவமைத்த கான்கிரீட் சட்டகக் கட்டடம், அருகில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தால் அதையும் தாங்கிவிடுமா? தூண்களைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா?"

சட்டகக் கட்டடம் என்றால் சுவர்கள் அல்ல, தூண்களும் உத்தரங்களும் பிணைந்து எடையைத் தாங்கும் கட்டடம். நிலநடுக்கத்துக்காகக் கான்கிரீட்டுக்குள் கட்டிய கம்பி வெடிப்பிலும் பெரிதும் உதவும். ஆனால் கட்டடத்தை அந்த இரண்டும் தாக்கும் விதம் வேறு. தூணைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. ஏன் என்று விளங்க வேண்டுமானால், வெடிப்பின் அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

வெடிப்பிலிருந்து புறப்படும் அதிர்ச்சி அலை ஓரிடத்தை அடைந்ததும் அங்கே காற்றழுத்தம் கணப்பொழுதில் உச்சத்துக்கு ஏறுகிறது. பிறகு வேகமாகத் தணிந்து, சற்று நேரம் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழேகூட இறங்கி, இயல்புக்குத் திரும்புகிறது. முதல் பகுதி, அதாவது தள்ளும் பகுதி, சாதாரணமாகச் சில மில்லி விநாடிகள் முதல் சில பத்து மில்லி விநாடிகள் வரை நீடிக்கும். காற்றுக்காக நாம் வடிவமைக்கும் அழுத்தம் பெரும்பாலும் 1 முதல் 2 கிலோபாஸ்கல். வெடிப்புக்கு மிக அருகில் இருக்கும் சுவர் மீது விழுவது இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கக்கூடும். அலை சுவரில் மோதித் திரும்பும்போது அழுத்தம் இன்னும் பெருகுகிறது. பலவீனமான அலையானால் இரண்டு மடங்கு, வலுவான அலையானால் எட்டு மடங்கும் அதற்கு மேலும். வெடிப்பைப் பார்த்து நிற்கும் முகப்புக்கும் பின்பக்கச் சுவருக்கும் சேதத்தில் அவ்வளவு வேறுபாடு இருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

தொலைவின் பங்கைப் பிரிட்டனின் பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1915-இலும் ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸ் 1926-இலும் தனித்தனியே வகுத்தார்கள். தொலைவை வெடிபொருள் எடையின் கனமூலத்தால் வகுத்து வரும் எண்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்ட விதி. அதே உச்ச அழுத்தம் இரண்டு மடங்கு தொலைவில் வர வேண்டுமானால் வெடிபொருள் எட்டு மடங்கு இருக்க வேண்டும். தூதரகங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் முன்னால் கான்கிரீட் தடுப்புக் கட்டைகள் நட்டு வாகனங்களைத் தள்ளி நிறுத்துவதன் கணக்கு இதுதான். எந்தக் கம்பியும் எந்தக் கான்கிரீட்டும் அந்தச் சில மீட்டர் இடைவெளிக்கு ஈடாகாது.

இனி நேரத்தின் கதை. ஒன்பது மாடிச் சட்டகக் கட்டடம் முழுதாக ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. வெடிப்பின் தள்ளல் நீடிப்பதோ அதில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. கட்டடம் நகரத் தொடங்குமுன் விசை வந்து போய்விடுகிறது. நிலையில் நிற்கும் தேரைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அடிபட்ட மரம் பிளக்கும், தேர் நகராது. ஆகவே நிலநடுக்கத்தில் நாம் பார்க்கும் ஒட்டுமொத்த ஆட்டம் வெடிப்பில் பெரும்பாலும் பெரிய விஷயமே இல்லை. ஆனால் தனி உறுப்புகள், அதாவது ஒரு ஸ்லாப், ஒரு சுவர்ப்பகுதி, ஒரு தூண், இவற்றின் அலைவு நேரம் மிகக் குறைவு. அது வெடிப்பின் நேரத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு அருகில் இருக்கிறது. அவை அந்த அடியை முழுதாக வாங்குகின்றன.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. தள்ளல் மிகக் குறுகியதாக இருக்கும்போது உறுப்பு உணர்வது அழுத்தத்தையும் நேரத்தையும் சேர்த்த கணத்தாக்கை மட்டுமே. அந்தக் கணத்தாக்கு உறுப்புக்கு ஒரு வேகத்தைக் கொடுக்கிறது. வேகம் என்பது கணத்தாக்கை நிறையால் வகுத்தது. உறுப்பு வளைந்து உள்வாங்க வேண்டிய ஆற்றல், கணத்தாக்கின் இருபடியை நிறையின் இரு மடங்கால் வகுத்தது. நிறை இரட்டித்தால் உள்வாங்க வேண்டிய ஆற்றல் பாதியாகிவிடும். நிலநடுக்கத்தில் எடை கூடினால் விசையும் கூடும். வெடிப்பில் எடை நமக்குத் துணை நிற்கிறது. இலேசான எஃகுக் கூரைக் கொட்டகை வெடிப்பில் கிழிந்து போவதும், பக்கத்தில் இருக்கும் கனமான கான்கிரீட் கட்டடம் விரிசலோடு நின்றுவிடுவதும் இதனால்தான்.

வேகத்தால் வரும் இன்னொரு நன்மையும் உண்டு. இவ்வளவு வேகமாக இழுக்கப்படும்போது எஃகும் கான்கிரீட்டும் சாதாரணச் சோதனையில் காட்டுவதைவிடக் கூடுதல் வலிமை காட்டும். வடிவமைப்பில் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கம்பியின் வலிமையோடு தூணின் வளைவு வலிமையும் கூடும்போது, தூணின் முனைகளில் வரும் வெட்டுவிசையும், அதாவது தூணைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையும், கூடுகிறது. வளைந்து தாங்க வேண்டிய தூண் வெட்டுப்பட்டு அறுந்துவிடக்கூடும். வெட்டுமுறிவு எச்சரிக்கை கொடுக்காது. ஆற்றலையும் பெரிதாக உள்வாங்காது. வெடிப்பு வடிவமைப்பில் முக்கால்வாசி உழைப்பு இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்குத்தான் போகிறது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் கட்டடம் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் இருந்த ஆல்ஃபிரட் மர்ரா கூட்டரசு அலுவலகக் கட்டடம். 1970-களில் கட்டப்பட்ட ஒன்பது மாடிக் கான்கிரீட் சட்டகம். 1995 ஏப்ரல் 19 காலை 9.02 மணிக்கு அதன் வடக்கு முகப்புக்கு முன்னால், தெருவில் நிறுத்தப்பட்டிருந்த சரக்கு வாகனத்தில் குண்டு வெடித்தது. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள்.

வடக்கு முகப்பின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நீளம் ஏறக்குறைய 60 மீட்டர். மேல்மாடிகளில் முகப்புத் தூண்கள் 6 மீட்டருக்கு ஒன்றாக நின்றன. கீழே நுழைவாயில் விசாலமாக இருக்க வேண்டும் என்பதால், மூன்றாவது தளத்தில் ஒரு பெரிய உத்தரத்தைக் குறுக்கே போட்டு, ஒன்றுவிட்டு ஒன்று தூண்களை அதன்மேலேயே முடித்துவிட்டார்கள். உத்தரத்துக்குக் கீழே தூண்கள் 12 மீட்டருக்கு ஒன்றுதான். நம் ஊர் வடிவமைப்பாளர்கள் மிதக்கும் தூண் என்று சொல்வது இதையே. அந்த உத்தரத்தை டிரான்ஸ்ஃபர் கர்டர் என்பார்கள். அன்றைய விதிகளுக்கு உட்பட்டே கட்டிய கட்டடம்தான். அந்த இடத்தில் நிலநடுக்கத்துக்கோ வெடிப்புக்கோ வடிவமைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வாகனத்துக்கு மிக அருகில் இருந்த தூணை வெடிப்பு நேரடியாகவே நொறுக்கிவிட்டது. அதன் இரு பக்கமும் இருந்த அடுத்த இரண்டு தூண்கள் அப்படி நொறுங்கவில்லை. அவை வெட்டுவிசையில் அறுந்தன என்பது பிறகு ஆராய்ந்த குழுவின் முடிவு. மூன்று தூண்கள் போனதும், மேலே இருந்த உத்தரத்தில் ஏறக்குறைய 48 மீட்டர் நீளத்துக்குக் கீழே எந்த ஆதாரமும் இல்லை. 12 மீட்டர் இடைவெளிக்கு வடிவமைத்த உத்தரம் 48 மீட்டரைத் தாங்க முடியாது. அது விழுந்தது. அதன்மேல் நின்ற தூண்கள், அவற்றின்மேல் நின்ற மாடிகள் எல்லாம் கூரைவரை தொடர்ந்து இறங்கின.

அமெரிக்கக் கூட்டரசுப் பேரிடர் மேலாண்மை முகமையும் அந்நாட்டுக் கட்டடப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. வெடிப்பு நேரடியாக அழித்தது மொத்தத் தளப்பரப்பில் சுமார் 4 சதவீதம். தொடர் சரிவையும் சேர்த்து அழிந்தது சுமார் 42 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதுதான் என் பதிலின் மையம். வெடிப்பு செய்த வேலை சில மில்லி விநாடிகளில் முடிந்துவிட்டது. மிச்சத்தைச் செய்தது கட்டடத்தின் சொந்த எடை. தன்னைத் தாங்கிய வழி அறுந்த பிறகு வேறு வழியில் தரைக்குப் போக முடியாத எடை. அன்று உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் இடிந்து விழுந்த பகுதியில் இருந்தவர்கள்.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கடும் நிலநடுக்கப் பகுதிகளில் கட்டாயமாக இருக்கும் கம்பி அமைப்பு முறை அந்தக் கட்டடத்தில் இருந்திருந்தால், இழந்த பரப்பு 50 முதல் 80 சதவீதம்வரை குறைந்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. அருகில் இருந்த முதல் தூணை எதுவும் காப்பாற்றியிருக்காது. ஆனால் பக்கத்துத் தூண்களில் நெருக்கமான ரிங் இருந்திருந்தால் அவை வெட்டுப்படாமல் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். மாணவரின் கேள்வியின் முதல் பாதிக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ரிங் என்று சொன்னேன். கட்டுமான இடத்தில் கம்பி கட்டுபவர்கள் மிகச் சாதாரணமாகக் கையாளும் பொருள் அது. 8 மில்லிமீட்டர் கம்பியைச் சதுரமாக வளைத்து நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுவது. ரிங்கின் முனையை 90 பாகையில் மடக்கினால், மேலே மூடிய கான்கிரீட் உதிர்ந்ததும் அது விரிந்து திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. 135 பாகைக்கு மடக்கி முனையைத் தூணின் உட்பகுதிக்குள் செலுத்தினால், மேல்பூச்சு முழுவதும் போனாலும் அது திறக்காது. இந்திய நிலநடுக்க விதியான ஐ.எஸ். 13920 இதைத்தான் கட்டாயமாக்குகிறது. தூணின் முனைகளில் ரிங்குக்கு ரிங் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றும் அது சொல்கிறது. 135 பாகைக்கு வளைக்கக் கூடுதலாகச் சில நொடிகள் ஆகும் என்பதற்காகத் தளத்தில் இதை விட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. வரைபடத்தில் எழுதிவிட்டால் போதாது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.

ரிங்குக்குப் பதில் தொடர்ச்சியான சுருள் கம்பி சுற்றினால் பிடிப்பு இன்னும் மேலானது. 1940-களின் தொடக்கத்தில் கட்டிய பென்டகன் கட்டடத்தில் பல தூண்கள் சுருள் கம்பியோடு இருந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று விமானம் மோதியபோது பல தூண்கள் மேல்பூச்சை இழந்து வளைந்து நின்றன, ஆனால் சுருளுக்குள் இருந்த கான்கிரீட் எடையைத் தாங்கிக்கொண்டே இருந்தது. மோதலுக்கு மேலே இருந்த பகுதி உடனே விழவில்லை. சுமார் 20 நிமிடங்கள் தாங்கிய பிறகே ஒரு பகுதி சரிந்தது. அந்த நேரத்தில் மேல்மாடிகளில் இருந்தவர்கள் வெளியேற முடிந்தது. அது வெடிப்புச் சுமையல்ல, மோதலும் தீயும்தான். என்றாலும் ஒரு தூண் சிதைந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அதுவே சிறந்த சான்று.

அடுத்தது உத்தரம். பெரும்பாலான பழைய கட்டடங்கள் தோற்கும் இடம் இது. எண்களோடு பார்ப்போம். இரண்டு பக்கமும் தூண்களோடு இறுகப் பிணைந்த 6 மீட்டர் உத்தரங்கள், மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் சுமை. தூணின் முகத்தில் வரும் வளைவுத் திருப்புத்திறன், அதாவது உத்தரத்தை வளைக்கப் பார்க்கும் விளைவின் அளவு, சுமார் 90 கிலோநியூட்டன் மீட்டர். மேல் இழை இழுபடுவதால் அங்கே மேல்கம்பியைத்தான் நிறையப் போடுகிறோம். இப்போது நடுத்தூணை எடுத்துவிடுங்கள். 6 மீட்டர் உத்தரங்கள் இரண்டும் சேர்ந்து 12 மீட்டர் உத்தரம் ஆகிவிடுகின்றன. வெளி முனைகளில் திருப்புத்திறன் 360, அதாவது நான்கு மடங்கு. தூண் இருந்த இடத்தில் 180, ஆனால் திசை தலைகீழ். நேற்றுவரை மேல் இழை இழுபட்ட இடத்தில் இன்று கீழ் இழை இழுபடுகிறது. அங்கே கீழ்க்கம்பி எவ்வளவு இருக்கிறது?

பழைய முறைகளில் உத்தரத்தின் கீழ்க்கம்பியில் நாலில் ஒரு பங்கைத் தூணுக்குள் கொஞ்ச தூரம் செலுத்தினால் போதும் என்று இருந்தது. ஈர்ப்புச் சுமையை மட்டும் நினைத்தால் அது நியாயமே, ஏனென்றால் அந்த இடத்தில் கீழ்க்கம்பிக்கு வேலையே இல்லை. தூண் போன மறுகணம் அங்கே அதுதான் ஒரே வேலையாள். தூணுக்குள் ஒரு சாண் மட்டும் நுழைந்து நின்ற கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும். அமெரிக்கக் கான்கிரீட் விதி 1989-இல்தான் கட்டடத்தின் வெளிச்சுற்று உத்தரங்களில் கம்பியைத் தொடர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது. நம் ஐ.எஸ். 13920 உத்தரத்தின் மேலும் கீழும் குறைந்தது இரண்டு கம்பிகள் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும் என்கிறது, கம்பி ஒட்டுகளைத் தூண் இணைப்புக்கு உள்ளே வைக்கக்கூடாது என்கிறது. அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது நிலநடுக்கம். தூண் போகும் நாளிலும் அதே இரண்டு கம்பிகள்தான் நிற்கின்றன.

தூண் மெல்லப் போவதில்லை, திடீரென்று போகிறது. ஆதாரம் திடீரென்று விலகினால் மேலே இருக்கும் சுமை விழத் தொடங்கிய வேகத்தோடு கீழிறங்குகிறது. உத்தரம் நிரந்தரமாகச் சிதையாமல் மீளும் என்று வைத்துக் கணக்கிட்டால் விளைவு இரண்டு மடங்குவரை போகும். மேலே சொன்ன 360 ஏறக்குறைய 720 ஆகலாம். எந்தச் சாதாரண உத்தரமும் வளைந்து அதைத் தாங்காது. ஆனால் கம்பி அறுபடாமல் தொடர்ந்து இருந்தால் இன்னொரு வழி திறக்கிறது. உத்தரம் நிறையத் தொய்ந்து, வளைவை விட்டுவிட்டு, இழுவையில் தொங்க ஆரம்பிக்கிறது. மேலே இருக்கும் மாடிகளின் உத்தரங்களும் தூண்களும் சேர்ந்து ஒரு பெரிய சட்டமாகச் செயல்பட்டுச் சுமையைப் பக்கத்துத் தூண்களுக்கு அனுப்புவதும் உண்டு. அப்போது அந்தக் கட்டடம் அழகாக இருக்காது, மறுபடி பயன்படவும் செய்யாது. உள்ளே இருப்பவர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். வெடிப்பு வடிவமைப்பில் வெற்றி என்றால் இவ்வளவுதான், இதுவே பெரிது.

ஸ்லாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்லாப்பில் கீழ்க்கம்பி நடுவிலும் மேல்கம்பி ஓரங்களிலும் போடுகிறோம், சுமை எப்போதும் கீழ்நோக்கி வரும் என்ற நம்பிக்கையில். வெடிப்பின் அழுத்தம் முகப்பு வழியாக உள்ளே புகுந்ததும் முதலில் ஸ்லாப்பை மேல்நோக்கித் தூக்குகிறது. நடுப்பகுதியில் மேல்கம்பி இல்லாத ஸ்லாப் அந்த நொடியிலேயே பிளந்து, பிறகு தன் எடையில் கீழே விழுகிறது. மர்ரா கட்டடத்தின் கீழ்மாடிகளிலும் இப்படி ஸ்லாப்புகள் தூக்கப்பட்டு உடைந்தன. ஸ்லாப் போனால் தூணுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். இரண்டு மாடிகளின் ஸ்லாப் போனால் தூணின் பிடிப்பற்ற நீளம் மூன்று மடங்காகும். மெல்லிய தூணானால் நெளிந்து சரிவதற்கு எதிரான அதன் திறன் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது பல அடித்தள மாடிகளின் ஸ்லாப்புகள் இடிந்தன, ஆறு பேர் இறந்தார்கள். கோபுரத்தின் எஃகுத் தூண்கள் மிகக் கனமானவை என்பதால் பிடிப்பு இழந்த பிறகும் நின்றன. அந்தக் கனம் எல்லாக் கட்டடத்துக்கும் வாய்ப்பதில்லை.

கான்கிரீட்டுக்கே உரிய ஒரு கேடும் உண்டு. சுவரின் முன்முகத்தில் பட்ட அழுத்த அலை உள்ளே பயணித்துப் பின்முகத்தில் மோதி இழுவை அலையாகத் திரும்புகிறது. கான்கிரீட்டின் இழுவை வலிமை அதன் அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் முன்முகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, அறைக்குள் இருக்கும் முகம் சில்லுகளாகத் தெறிக்கும்.

எஃகுச் சட்டகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எஃகு நன்றாக நீளும், வளையும். அதன் பலவீனம் உறுப்பில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. பற்றவைப்பும் போல்ட்டும் உத்தரம் வளைவதற்கு முன்பே அறுந்துவிட்டால் உத்தரத்தின் நல்ல குணம் வீணாகிறது. தூண் போன பிறகு உத்தரம் இழுவையில் தொங்க வேண்டுமானால் இணைப்பு அந்த இழுவையைத் தாங்க வேண்டும். வெட்டுவிசைக்கு மட்டும் வடிவமைத்த எளிய இணைப்பால் அது பெரும்பாலும் முடியாது.

முகப்பு ஒரு தனி உலகம். சட்டகம் நிற்கும்போதும் ஆட்களைக் கொல்வது அங்கேதான். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் சேமித்து வைத்திருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது நகரத்தின் எத்தனையோ கான்கிரீட் சட்டகங்கள் நின்றன. துறைமுகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கான தொலைவுவரை அவற்றின் செங்கல் நிரப்புச் சுவர்களும் அலுமினியச் சட்டங்களும் கண்ணாடிகளும் அறைகளுக்குள் பாய்ந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயமடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில். சாதாரணக் கண்ணாடி சில கிலோபாஸ்கலிலேயே உடைந்து கத்திபோன்ற துண்டுகளாகப் பறக்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி உடைந்தாலும் சட்டத்தைவிட்டுப் போகாது. ஆனால் முகப்பைப் பலப்படுத்தும்போது அது வாங்கும் விசை முழுவதும் சட்டகத்துக்குப் போய்ச் சேரும் என்பதை மறக்கக்கூடாது. பலவீனமான சுவர் சீக்கிரம் உடைந்து தூணைக் காப்பாற்றுகிறது, உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவதில்லை. வடிவமைப்பாளர் இரண்டையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கட்டடத்துக்கு உள்ளே நிகழும் எரிவாயு வெடிப்பு வேறு மாதிரி. அழுத்தம் மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும், உச்சம் குறைவு. 1968 மே 16 அதிகாலையில் லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் 18-ஆவது மாடிச் சமையலறையில் எரிவாயு வெடித்தது. மூலையிலிருந்த சுவர்ப்பலகை ஒன்று வெளியே தள்ளப்பட்டதும் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை இடிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அது சட்டகக் கட்டடம் அன்று. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. பலகைகளுக்கிடையே பிணைப்பு மிகக் குறைவு. தொடர் சரிவு என்ற ஒன்றைக் கட்டட விதிகள் கண்டுகொண்டது அதற்குப் பிறகே. ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் ஓர் உறுப்பு போனாலும் சரிவு பரவக்கூடாது, அப்படி முடியாத இடத்தில் அந்த முக்கிய உறுப்பு சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்று பிரிட்டன் 1970-இல் விதி வகுத்தது. அந்த 34 என்ற எண் இன்றும் ஐரோப்பிய விதிகளில் இருக்கிறது.

ஆக, தூணைப் பெரிதாக்கினால் போதுமா? பெரிய தூண் உதவும். ஆனால் நெருக்கமான ரிங் இல்லாத பெரிய தூண் பெரிய வெட்டுவிசையை வாங்கிப் பெரிய சத்தத்தோடு அறும். அதன்மேல் கம்பி தொடராத உத்தரம் உட்கார்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கையில் இருக்கும் பணத்தை நான் செலவிடும் வரிசை இது. முதலில் வாகனம் வரமுடியாத தொலைவு. அடுத்தது உத்தரக் கம்பியின் தொடர்ச்சியும் தூண் ரிங்குகளும். மூன்றாவது கண்ணாடி. தூணின் பருமன் அதற்கும் பிறகுதான். ஏற்கெனவே நிற்கும் கட்டடமானால், தரைத்தளத்து வெளித்தூண்களுக்கு எஃகுத் தகட்டாலோ இழைத்துணியாலோ உறை போடுவது செய்யக்கூடிய காரியம். அந்த உறை ரிங்கின் வேலையைச் செய்கிறது. மிதக்கும் தூண் இருக்கும் கட்டடத்தில் அதைத் தாங்கும் உத்தரத்தின் கீழ்த்தூண்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

வெடிப்புக்குப் பிறகு உள்ளே போகும் பொறியாளர்களுக்கும் ஒரு சொல். இடிபாடு சில சமயம் ஆதாரமாகவும் நிற்கும். ஓக்லஹோமாவில் ஒரு பகுதியின் இடிபாட்டை அகற்றினால் பக்கத்துத் தூண் சரிந்துவிடும் என்ற நிலை இருந்ததால், அங்கே சிக்கியிருந்த மூவரின் உடல்களை மே 23 அன்று மிச்சக் கட்டடத்தைத் தகர்த்த பிறகே மீட்க முடிந்தது. தூணில் சாய்வான விரிசல் தெரிந்தால் அதை மயிரிழை என்று விட்டுவிடக்கூடாது. அது வெட்டுவிசையின் அடையாளம். ஸ்லாப்பின் மேற்புறத்தில் நடுவே விரிசல் இருந்தால் அது மேலே தூக்கப்பட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். முட்டுக்கொடுக்காமல் அதன்கீழ் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

கேள்வி கேட்ட மாணவருக்கு: உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஏதாவது ஐந்து மாடிச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, கணினியில் தரைத்தளத் தூண்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். மூலைத் தூணிலிருந்து தொடங்குங்கள். அங்கே மறுபக்கம் பிடித்து இழுக்க உத்தரம் கிடையாது. தொங்கித் தாங்கும் வழி அடைபட்டு, உத்தரம் ஒரு முனையில் மட்டும் பிடிபட்டு நீட்டி நிற்கும். மேல்கம்பி எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அப்போது வரைபடத்தில் தேடுவீர்கள்.